கவிதாலயா: தயாரிப்பாளர் பாலசந்தருக்கு உரிய மதிப்பைக் கொடுத்தோமா?

கோடம்பாக்கத்தான்:
ஒவ்வொரு டிசம்பரிலும் பாலசந்தர் நினைவு நாள் வந்தால் ‘அரங்கேற்றம்’, ‘அவள் ஒரு தொடர்கதை’, ‘அபூர்வ ராகங்கள்’ என்று அடுக்கிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். 1981இல் கவிதாலயா என்ற சொந்தப் படக் கம்பெனியைத் தொடங்கிய பிறகு தயாரிப்பாளராக அவர் செய்ததைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் பெரிய பாதி அதுதான்.

1992ஐ மட்டும் பாருங்கள். ஜூன் மாதம் ‘அண்ணாமலை’. ஆகஸ்ட் 15 அன்று ‘ரோஜா’. அதே ஆண்டில் சாகத் துணிந்த ஐந்து இளைஞர்களின் கதையாக அவரே இயக்கிய ‘வானமே எல்லை’. ஒரு ரஜினி படம், காஷ்மீரில் நடக்கும் மணிரத்னம் படம், நட்சத்திரப் பலமே இல்லாத ஒரு படம். மூன்றும் ஒரே கம்பெனியின் பெயரில் வெளிவந்தன. அதிலும் ‘அண்ணாமலை’யை வசந்த் இயக்குவதாக இருந்து, கடைசி நேரத்தில் அவர் விலக, தன்னிடம் உதவியாளராக இருந்த சுரேஷ் கிருஷ்ணாவிடம் அவ்வளவு பெரிய படத்தை ஒப்படைத்தார். அந்த வேளையில் தேதியைத் தள்ளிப்போடாமல் ஆளைத் தேர்ந்தெடுத்தது தயாரிப்பாளரின் துணிச்சல் இல்லையா?

செங்கமலம்:
நண்பரே, 1992க்குத் தாவும் முன் 1981இல் கொஞ்சம் நில்லுங்கள். அந்த ஆண்டு கவிதாலயாவின் முதல் படம் ‘நெற்றிக்கண்’. ரஜினி இரட்டை வேடம், இயக்கம் எஸ்.பி.முத்துராமன். அதே ஆண்டு பாலசந்தர் இயக்கிய ‘தண்ணீர் தண்ணீர்’ யார் பணத்தில் வந்தது? கலாகேந்திரா என்ற வேறொரு கம்பெனியின் பணத்தில். குடிநீருக்காக ஒரு கிராமமே அரசாங்கத்தோடு மோதும் கதைக்கு வேறு ஒருவர் பணம் போட்டார். சொந்தப் பணத்தை இவர் ரஜினி மீது போட்டார். நீங்கள் சொன்ன பட்டியலில் ‘அரங்கேற்றம்’, ‘அபூர்வ ராகங்கள்’ இரண்டும் கலாகேந்திரா படங்கள்தான். அவருடைய துணிச்சலான படங்களுக்கு முதலீடு போட்டவர்கள் கலாகேந்திராவின் கோவிந்தராஜனும் துரைசாமியும். தயாரிப்பாளரைக் கொண்டாட வேண்டும் என்றால் முதலில் அவர்களைக் கொண்டாடுங்கள்.

கோடம்பாக்கத்தான்:
கலாகேந்திராவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொந்தப் பணத்தில் துணியவில்லை என்பது சரியில்லை. 1982இல் ‘அக்னி சாட்சி’ கவிதாலயா படம். சரிதாவின் அந்தக் கதாபாத்திரத்தை நம்பிப் பணம் போட்டார், கல்லா நிரம்பவில்லை. அதோடு சுருண்டுவிட்டாரா? 1984இல் அரசியல்வாதியாகும் கணவனைப் பற்றிய ‘அச்சமில்லை அச்சமில்லை’, 1985இல் ‘சிந்து பைரவி’. இரண்டும் சொந்தத் தயாரிப்பு. ‘சிந்து பைரவி’க்காக சுஹாசினி, இளையராஜா, சித்ரா மூவரும் தேசிய விருது பெற்றார்கள்.

இதையும் கவனியுங்கள். ‘தில்லு முல்லு’வுக்குப் பிறகு ரஜினியைக் கதாநாயகனாக வைத்து பாலசந்தர் ஒரு படம்கூட இயக்கவில்லை. ‘புதுக்கவிதை’, ‘ஸ்ரீ ராகவேந்திரர்’, ‘வேலைக்காரன்’ எல்லாம் முத்துராமன் இயக்கியவை. சினிமாவுக்கு முன் ஏஜி அலுவலகம் என்ற அரசுக் கணக்கு அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர் அல்லவா? எந்தப் படத்துக்கு யார் வேண்டும், தான் எதில் தலையிடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரஜினியை வளர்த்தவர் நான், நானே இயக்குவேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் ரஜினி படமும் கெட்டிருக்கும், ‘சிந்து பைரவி’க்கும் பணம் இருந்திருக்காது.

செங்கமலம்:
ரஜினி படத்தில் சம்பாதித்து நல்ல படத்தில் போட்டார் என்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பிற்காலத்தில் நடந்தது என்ன? 2003இல் ‘சாமி’, ‘திருமலை’. 2008இல் ‘குசேலன்’. அதில் ரஜினி வருவது கொஞ்ச நேரம்தான். விற்பனையோ முழு ரஜினி படத்தின் விலைக்கு. படம் விழுந்ததும் திரையரங்கு உரிமையாளர்கள் நஷ்டஈடு கேட்டு நின்றார்கள். அக்காலத்தில் கவிதாலயா பெயரில் ‘அச்சமில்லை அச்சமில்லை’ மாதிரி எந்தப் படம் வந்தது? நட்சத்திரத்தை நம்பி நடத்தும் கம்பெனி கடைசியில் அவருடைய தேதிக்காகக் காத்திருக்கும் கம்பெனியாகத்தான் ஆகும்.

‘ரோஜா’வுக்கும் ஒரு வார்த்தை. விளம்பர இசை செய்துகொண்டிருந்த ரஹ்மானை அழைத்துவந்தவர் மணிரத்னம். அதை பாலசந்தர் கணக்கில் எழுதாதீர்கள்.

கோடம்பாக்கத்தான்:
எழுதத்தான் செய்வேன். இளையராஜாவின் பெயர் இருந்தாலே ஒவ்வொரு ஏரியாவின் விநியோக உரிமையும் விற்றுவிடும் என்ற காலம். படம் ஒன்றுக்குக்கூட இசையமைக்காத இளைஞரின் பெயரைப் போட்டு விநியோகஸ்தர்களிடம் போய் நிற்க வேண்டியவர் இயக்குநர் இல்லை, தயாரிப்பாளர். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது, சொல்லவில்லை. பிறகு தன் ‘டூயட்’டுக்கும் ‘முத்து’வுக்கும் அதே ரஹ்மானை வைத்துக்கொண்டார். அந்த ‘முத்து’ ஜப்பான் வரை போய் ஓடியது.

நெல்லை வாசகி:
இருவருக்கும் வணக்கம். கவிதாலயா படங்களின் டைட்டிலில் தயாரிப்பு என்ற இடத்தில் வரும் பெயர்களைப் படித்திருக்கிறீர்களா? ராஜம் பாலசந்தர், புஷ்பா கந்தசாமி. மனைவியும் மகளும். பிரமிட் நடராஜன் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்தார். ‘பாலசந்தர் பணம் போட்டார், பாலசந்தர் தேர்ந்தெடுத்தார்’ என்று எல்லாவற்றையும் ஒருவர் தலையில் வைத்துப் பேசுவது எனக்கு உறுத்துகிறது. பெண்களின் கதையை எடுத்தவர் என்று அவரைப் புகழ்பவர்கள் அந்த இரண்டு பெண்களின் பெயரையாவது சொல்ல வேண்டும்.

சாலிகிராமத்துக்காரன்:
அம்மா சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் எல்லோரும் சினிமாவிலேயே நிற்கிறீர்கள். அவர் காலத்துப் பெரிய இயக்குநர்கள் பலர் சின்னத்திரை என்றாலே முகம் சுளித்தபோது தூர்தர்ஷனுக்கு ‘ரயில் சிநேகம்’ எடுத்தவர் அவர். பிறகு ‘கையளவு மனசு’. சாகப் போகிற தாய் தன் பிள்ளைகளை ஒவ்வொரு வீட்டிலாக ஒப்படைக்கும் கதை. கீதாவைப் பார்த்து எங்கள் தெருவே அழுதது.

அதைவிட முக்கியம் மின்பிம்பங்கள். மகன் கைலாசம் முன்னின்று நடத்திய அந்த நிறுவனத்திலிருந்துதான் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வந்தது. அதில் ஒரு கதையான ‘விடாது கருப்பு’ ஒளிபரப்பான நாட்களில் இருட்டில் அந்தக் குதிரைக் குளம்பொலி கேட்டதும் வீட்டுக்குள் ஓடிய பிள்ளைகள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். கிராமத்துக் காவல் தெய்வத்தையும் மனநோயையும் ஒரே கதையில் வைத்து, வாரம் ஒரு நாள் மட்டும் காட்டி, ஏழு நாளும் அதையே பேச வைத்தார்கள்.

அது வாரத் தொடர் என்பதால்தான் முடிந்தது. நான் வேறொரு நிறுவனத்தின் தினசரித் தொடரில் உதவி இயக்குநராக இருந்தேன். காலையில் விளக்குப் போட்டு எல்லோரும் தயாராக நிற்போம், வசனம் வந்திருக்காது. ஒரு மூலையில் எழுத்தாளர் எழுத எழுத, பக்கம் பக்கமாக வாங்கிக்கொண்டு ஓடிப் போய் நடிகையிடம் படித்துக் காட்டுவேன். கடைசிப் பக்கம் வரும்போது முதல் காட்சி எடுத்து முடிந்திருக்கும். அன்று மாலைக்குள் ஒரு எபிசோட் தேற வேண்டும். அந்த ஓட்டத்தில் நாகா மாதிரி ஒரு ஷாட்டுக்குக் காத்திருக்க யாராலும் முடியாது.

செங்கமலம்:
தம்பி, மின்பிம்பங்களைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அது என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. அவ்வளவு நல்ல வாரத் தொடர்களைத் தந்தவர்களால் அந்த வடிவத்தைக் காப்பாற்ற முடிந்ததா? 1999 இறுதியில் ‘சித்தி’ என்ற தினசரித் தொடர் வந்து இரவு நேரத்தைப் பிடித்ததும் எல்லோரும் தினசரிக்கு மாறினார்கள். பாலசந்தரும் ‘அண்ணி’, ‘சஹானா’ என்று அதே பாதையில்தான் நடந்தார். ‘சஹானா’வில் ‘சிந்து பைரவி’யின் தொடர்ச்சியைத் தினமும் இழுத்தது எனக்கு இன்றும் வருத்தம்.

சாலிகிராமத்துக்காரன்:
வருத்தம் நியாயம். பழியை அவர் மீது போடுவதைத்தான் ஏற்க மாட்டேன். அன்று பல தொடர்களுக்குச் சானல் தந்தது வெறும் நேரம்தான். அரை மணி நேரத்தைத் தயாரிப்பாளர் காசு கொடுத்து வாங்குவார்; தொடரையும் தன் செலவில் எடுப்பார்; விளம்பரம் பிடித்து இரண்டையும் ஈடுகட்டுவார். வாரம் ஒரு நாள் வரும் கதையை விட ஐந்து நாளும் வரும் கதைக்கு விளம்பரக்காரர் முன்பணம் கொடுப்பார். வீடும் செட்டும் ஒன்றுதான், நடிகர்களை மாதக் கணக்கில் பேசிக்கொள்ளலாம். இந்தக் கணக்கை எதிர்த்து ஒரு தயாரிப்பாளர் எத்தனை நாள் நிற்க முடியும்? நின்றவரை நின்றார்கள் என்பதே பெரிது.

கோடம்பாக்கத்தான்:
செங்கமலம், ‘குசேலன்’ பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் வாதம் இல்லை. அது வியாபாரத்தில் செய்த தவறு. ஆனால் தயாரிப்பாளரை அவருடைய தோற்ற படத்தை வைத்து மட்டும் எடைபோடாதீர்கள். ‘டூயட்’டில் பிரகாஷ்ராஜ் என்ற கன்னட நடிகருக்குத் தமிழில் கதவைத் திறந்தது யார் பணம்?

செங்கமலம்:
கவிதாலயா பணம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கதவைத் திறந்தவர் ‘டூயட்’டை இயக்கிய பாலசந்தர். 1975இல் கலாகேந்திராவின் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் ரஜினிக்கு வாசற்கதவைத் திறந்துவிட்டாரே, அதே இயக்குநர். சொந்தக் கம்பெனி இல்லாவிட்டாலும் பிரகாஷ்ராஜ் வந்திருப்பார் என்பதே என் கட்சி.