ஓடையில் கிடைத்தது கல் அம்பு முனையா? பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வெள்ளம் வடிந்த ஓடையின் வளைவில், சரளைக் கற்களுக்கு நடுவே இந்தக் கல் கிடைத்தது. சுண்டுவிரல் நீளம், தேன் நிறம். செர்ட் (கூரான சில்லுகளாக உடையும் கடினமான கல்) வகை என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் சில்லு பெயர்ந்த தழும்புகள், சிப்பியின் உட்புறம் போலக் குழிந்து, விளிம்பு நெடுக வரிசையாக ஓடுகின்றன. தண்ணீரில் உருண்டு மோதி உடைந்த கல்லில் பொதுவாக இந்த ஒழுங்கு வராது. அடிப்பக்கம் எதிரெதிராக இரண்டு வெட்டுகள், தண்டோடு சேர்த்துக் கட்டுவதற்காக இருக்கலாம்.

குழப்புவது மழுங்கிய ஓரங்கள்தான். நீரோட்டம் தேய்த்ததா, பயன்படுத்தித் தேய்ந்ததா? லென்ஸ் வைத்து எதைக் கவனிக்க வேண்டும்? கனத்தைப் பார்த்தால் ஈட்டி முனையோ, கத்தியோ என்றும் தோன்றுகிறது.

அளவுகோலோடு எடுத்த படங்கள் கீழே. கழுவியதோடு சரி, சுரண்டவில்லை. தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதற்காக, கிடைத்த இடத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.