புதிதாகத் தொடங்கும் லாரி நிறுவனத்தைத் தணிக்கை செய்ய யார் வருவார்?

கேள்வி: பூன் லே வாசி

பதினோரு ஆண்டுகளாகப் பிறரிடம் லாரி ஓட்டிவிட்டேன். இப்போது மைத்துனருடன் சேர்ந்து இரண்டு லாரிகளோடு சொந்தமாகத் தொடங்க எண்ணியுள்ளோம். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றும் என் பெரியப்பா மகன், புதிய நிறுவனத்தை அங்கே 18 மாதங்கள் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள் என்றும், முதல் 12 மாதங்களுக்குள் தணிக்கையாளர் ஓட்டுநர் கோப்பு, வேலைநேரப் பதிவு, பராமரிப்புச் சீட்டு என ஒவ்வொன்றையும் பார்ப்பார் என்றும் சொன்னார். ஓட்டுநர்களுக்குப் போதைப்பொருள் சோதனைத் திட்டம் இல்லை என்ற ஒரு குறையே தோல்விக்குப் போதுமாம். சிங்கப்பூரில் அதைச் செய்வது எந்த அலுவலகம்? முதலில் எங்கே பதிய வேண்டும்?

பதில்: ஜூரோங் லாரிக்காரர்

தம்பி, உங்கள் அண்ணன் சொன்னது அந்நாட்டிற்குச் சரி. இங்கே சாதாரணச் சரக்கு ஏற்றும் நிறுவனத்திற்கென்று தனி இயக்க உரிமமும் இல்லை, தொடங்கிய ஓராண்டுக்குள் கதவைத் தட்டும் தணிக்கையாளரும் இல்லை. நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவில் நிறுவனத்தைப் பதிய வேண்டும். தனியார் நிறுவனமென்றால் பெயருக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பதிவுக்கு 300 வெள்ளி. அது ஒரு நாள் வேலை. கட்டுப்பாடு முழுவதும் வாகனத்தின் மீதே இருக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையத்தில் லாரியை நிறுவனத்தின் பெயரில் பதிய ‘சி’ பிரிவு சிஓஇ, அதாவது வாகன உரிமைச் சான்றிதழ், தேவை. மொத்த எடை வரம்பு 5,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட லாரியென்றால் கனரக வாகன நிறுத்துமிடச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும், அது இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. லாரி வாங்கப் பணம் திரட்டிய பலர் அதை இரவில் எங்கே நிறுத்துவது என்று யோசிக்காமல் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இடத்தை முதலில் தேடுங்கள். பெட்ரோலியம் போன்ற தீப்பற்றும் பொருள்களை ஏற்றுவதாயிருந்தால் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமமும் ஓட்டுநருக்குத் தனி அனுமதியும் வேண்டும். அது வேறு உலகம், தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பதில்: வேலையிடப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்

மேலே ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அரசாங்கம் தணிக்கைக்கு வராவிட்டாலும் வாடிக்கையாளர் அதைக் கேட்பார். என் முந்தைய முதலாளி இரண்டு மாதம் பேசி முடித்த ஒரு கிடங்கு ஒப்பந்தம், பைஸ்சேஃப் என்ற வேலையிடப் பாதுகாப்புத் திட்டத்தின் மூன்றாம் நிலைச் சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் கையெழுத்திடும் நாளில் கைநழுவியது.

முதல் நிலையில் நிறுவனத் தலைவரே பயிற்சி வகுப்பில் அமர வேண்டும், ஆளை அனுப்பித் தப்ப முடியாது. இரண்டாம் நிலையில் ஊழியர் ஒருவர் இடர் மேலாண்மை கற்க வேண்டும். மூன்றாம் நிலையில்தான் மனிதவள அமைச்சின் அங்கீகாரம் பெற்ற தணிக்கை நிறுவனத்தார் வருகிறார்கள். அவர்கள் தேடுவது அழகாக அச்சிட்ட கோப்பை அன்று. பின்னோக்கி ஓட்டும்போது வழிகாட்ட ஆள் உண்டா, பின்புற ஏற்றுமேடையில் கால் நசுங்காதிருக்க என்ன ஏற்பாடு, சரக்கை எப்படிக் கட்டுகிறீர்கள், ஓட்டுநர் களைப்படைந்தால் யாரிடம் சொல்வார் என்று உங்கள் வேலையையே கேட்பார்கள். பிறகு உங்கள் ஓட்டுநரையும் தனியே கேட்பார்கள். இன்னொரு நிறுவனத்தின் இடர் மதிப்பீட்டை நகலெடுத்தவர்கள் அங்கேதான் அகப்படுவார்கள். இடர் மதிப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும், விபத்து நேர்ந்தால் உடனேயும் மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது சட்டம். பைஸ்சேஃப் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இது பொருந்தும். உடலுழைப்பு ஊழியர் அனைவருக்கும், அவர்கள் சம்பளம் எவ்வளவாயினும், வேலைக்காய இழப்பீட்டுக் காப்புறுதி எடுப்பதும் கட்டாயம்.

கேள்வி கேட்டவர்: பூன் லே வாசி

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகங்கள். பழைய லாரி வாங்கலாமா? தஞ்சாவூரில் கனரக வாகனம் ஓட்டும் தம்பி ஒருவனை வரவழைக்க முடியுமா?

பதில்: ஜூரோங் லாரிக்காரர்

வாங்கலாம், ஆனால் வயதைப் பாருங்கள். பத்து ஆண்டுக்குட்பட்ட லாரிக்கு ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயச் சோதனை. பத்து ஆண்டைத் தொட்டுவிட்டால் ஆறு மாதத்திற்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வருமானம் போகும். இருபது ஆண்டுகளுக்கு மேல் எந்தச் சரக்கு வாகனத்தையும் வைத்திருக்க முடியாது. முன்பு 12,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு மட்டுமே இருந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவி விதி, 2024 முதல் 3,501 கிலோகிராமிலிருந்து தொடங்கும் லாரிகளுக்கும் கட்டங்கட்டமாக விரிந்துள்ளது. ஆகவே விற்பவரிடம் கருவி பொருத்திய சான்றைக் கேட்டு வாங்குங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வாயால் சொன்னால் போதாது.

பதில்: வேலையிடப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்

2025 செப்டம்பர் முதல் இந்தியாவிலிருந்து கனரக வாகன ஓட்டுநர்களை வேலை அனுமதியில் எடுக்க வழி திறந்துள்ளது. நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி கொடுக்க வேண்டும். ஆனால் அவ்வகை ஊழியர்கள் மொத்த ஊழியர்களில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒருவரை எடுக்கவே நிறுவனத்தில் ஏறக்குறைய பதின்மூன்று பேர் இருக்க வேண்டும். இரண்டு லாரிகளோடு தொடங்கும்போது ஒரு லாரியை நீங்களும் மற்றதை மைத்துனரும் ஓட்டுவதுதான் நடக்கும். மைத்துனரின் உரிமம் லாரியின் வெற்று எடைக்குப் பொருந்துகிறதா என்று வாங்குமுன் பாருங்கள். 2,500 கிலோகிராமைத் தாண்டினால் நான்காம் வகுப்பு வேண்டும்.