ராணுவ மெடிக்கலில் சின்ன விஷயத்துக்கு நிறுத்தப்பட்டவர்கள் இங்கே சொல்லுங்கள்

ஓட்டக்காரன்:
அக்னிவீர் ரேலி, அதாவது ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற முகாம். ஆன்லைன் தேர்வு, கிரவுண்டு எல்லாம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். ஓட்டத்தில் முதல் குரூப், பீம் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது) பத்தும் சுத்தமாக எடுத்து 40-க்கு 40. மெடிக்கலில் ஜட்டியோடு வரிசையில் நிற்கவைத்துக் காலைச் சேர்க்கச் சொன்னார்கள். எனக்கு முட்டி ரெண்டும் ஒட்டிக்கொள்ளும், கணுக்கால் சேராது. டாக்டர் குனிந்து நடுவில் ஸ்கேலை வைத்தார், நிமிரும்போதே பக்கத்தில் எழுதுகிறவரிடம் 'நாக் நீ' என்று சொல்லிவிட்டார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. எனக்கு அடுத்து நின்றவனுக்கும் கால் அதே மாதிரிதான், அவனிடம் மட்டும் தொடையை இறுக்காமல் லூசாக விட்டு நில் என்றார், அவன் விட்டான், மறுபடி அளந்தார், அவன் உள்ளே போய்விட்டான். என்னிடம் ஏன் அதைச் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் ராத்திரி படுத்தால் வந்து நிற்கிறது. ரிவ்யூவுக்கு, அதாவது மறுபரிசோதனைக்கு, ராணுவ ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

காதுக்காரன்:
என்னுடையது சிரிப்பதா அழுவதா தெரியாத கேஸ். காது அழுக்கு. லைட் வைத்த குழாயைக் காதில் விட்டுப் பார்த்தார், சவ்வு தெரியவில்லை, ரெண்டு காதிலும் வேக்ஸ், முடிந்தது. பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் எழுதினார்கள். வெளியே வந்தால் இன்னொரு பையன் ஊக்கை நீட்டி 'வா, நான் எடுத்து விடுகிறேன்' என்கிறான், அங்கிருந்து ஓடியே போய்விட்டேன். காது டாக்டரிடம் சொட்டு மருந்து வாங்கி ஊறவிட்டு எடுத்துக்கொண்டு ரிவ்யூவுக்குப் போனேன், சீக்கிரம் முடிந்துவிட்டது, ஃபிட். ஆனால் காதில் ஏதோ கோளாறு என்று செய்தி அதற்குள் ஊருக்குப் போய்விட்டது. பெரியப்பா இன்றைக்கும் என்னிடம் கத்தித்தான் பேசுகிறார்.

பழைய ஹவில்தார்:
ஓட்டக்காரன் தம்பி, டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை என்று வருத்தப்படாதே. ஒரே நாளில் அத்தனை பேரைப் பார்க்கிறவர் கால் பார்க்கும்போது காலைத்தான் பார்ப்பார். எனக்குத் தட்டைப் பாதம். ஈரக் காலோடு சிமெண்ட் தரையில் நிற்க வைத்தார்கள், முழுப் பாதமும் பதிந்தது. அந்த மேஜர் உடனே அனுப்பாமல் நுனிக்காலில் நில் என்றார். நின்றேன், உள்வளைவு எழும்பியது. குதிக்கச் சொன்னார், வலிக்கிறதா என்றார், இல்லை என்றேன், போ என்றார். அவ்வளவுதான் என் கதை.

இப்போது மற்ற தம்பிகளும் கேட்டுக்கொள்ளுங்கள். தட்டைப் பாதம் என்றாலே அன்ஃபிட் கிடையாது. நுனிக்காலில் நின்றால் வளைவு தெரிந்து, பாதம் வளைந்து கொடுத்து, ஓடும்போது வலி இல்லாமல் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். நாக் நீக்கு அளவு உண்டு. ஆண்களுக்கு முட்டி தொட்டு நிற்கும்போது கணுக்கால்களுக்கு நடுவே 5 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதனால் முதலில் எலும்பு டாக்டரிடம் போய் உன் அளவைத் தெரிந்துகொள், 5-க்குப் பக்கத்தில் என்றால் ரிவ்யூவுக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது, 8, 9 என்றால் வேறு வழியைப் பார். முட்டிக்கு நடுவில் தலையணை வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கு என்று வீடியோவில் சொல்வான், வளர்ந்து முடிந்த எலும்பு தலையணைக்கு நேராகாது. தொடைச் சதை திரண்டிருப்பதாலும் முட்டி முன்னாலேயே ஒட்டும், அது எடை குறைத்தால் கொஞ்சம் மாறும். காது அழுக்கையும் பல் கறையையும் எடுத்துவிட்டு வாருங்கள் என்று ரேலி அறிவிப்பிலேயே போட்டிருக்கிறது, அதை எவனும் படிப்பதில்லை. பல்லை எண்ணிப் பாயிண்ட் போடுவார்கள், குறைந்தது 14 பாயிண்ட் வேண்டும், சொத்தை இருந்தால் முன்னாடியே அடைத்துக்கொள். ஹைட்ரோசீல் (விதைப்பையில் நீர் சேர்வது), வேரிகோசீல் (விதைப்பை நரம்பு வீங்குவது), மூலம் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதே, அங்கே எப்படியும் பார்த்துவிடுவார்கள். முன்கூட்டியே ஆபரேஷன் செய்து ஆறவிட்டுப் போனால் பேச இடம் இருக்கும். மெடிக்கலில் பாஸ் பண்ணித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவனிடம் பேச்சே வேண்டாம்.

தமிழ்ச்செல்வி:
ஹவில்தார் ஐயா, உங்களுடையது உடம்பில் எங்கே இருக்கிறது என்று காட்டக்கூடிய பிரச்சினை. எனக்கு உள்ளங்கை வேர்க்கும். நான் வந்தது ஆபீசர் பக்கம். ஐந்து நாள் எஸ்எஸ்பி என்கிற ஆபீசர் தேர்வு முடிந்து, பெயர் வாசித்த கையோடு மெடிக்கல் போர்டு. படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன், பேனாவை எடுத்தபோது தாளில் என் கை இருந்த இடம் நனைந்து மை பரவி இருந்தது. அந்த டாக்டரம்மா தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த ஒரு நொடிதான். உள்ளங்கை வேர்வை அன்ஃபிட் பட்டியலில் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. துப்பாக்கி பிடிக்கிற கை, பூட்ஸுக்குள் ஈரத்தோடு கிடக்கிற கால், காரணம் இருக்கத்தான் செய்கிறது. அப்பீலுக்கு 42 நாள் அவகாசம். தோல் டாக்டர் கொடுத்த மருந்தைத் தினமும் ராத்திரி தடவினேன், எரிந்தது. அப்பீல் போர்டு அன்று அறையில் ஏசி குளிர் எலும்பைத் துளைத்தது, கை காய்ந்து கிடந்தது, ஃபிட் என்று எழுதிவிட்டார்கள். மருந்தா, ஏசியா? எனக்கே தெரியாது. அப்புறம் மெரிட் லிஸ்ட் வந்தது, அதில் என் பெயர் இல்லை. மெடிக்கலில் ஃபிட் ஆனால் சேர்ந்த மாதிரி என்று நினைக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள், இடம் எத்தனையோ அத்தனை பேரைத்தான் மெரிட் வரிசையில் எடுப்பார்கள்.

ராத்திரி ரோந்து:
கலர் பார்வைக்கு, கலர் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புள்ளிப் புத்தகத்தை மனப்பாடம் பண்ணிவிட்டுப் போனால் போதும், நண்பன் அப்படித்தான் பாஸ் ஆனான்.

மஞ்சள்பச்சை:
மேலே சொன்னவரே, உங்கள் நண்பனுக்கு நிஜமாகவே கலர் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. இஷிஹாரா என்கிற அந்தப் புள்ளிப் புத்தகம்தான், ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார், ஒரு பக்கத்தில் 21 என்றேன். டாக்டர் நிறுத்திவிட்டு மறுபடி சொல் என்றார். 21 என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன், என்ன சந்தேகம் அவருக்கு என்று. எனக்குப் பின்னால் நின்றவன் களுக்கென்று சிரித்தான். அது மற்றவர்களுக்கு 74. சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு மட்டும் அங்கே 21 தெரியும், அப்படியே வடிவமைத்திருக்கிறார்கள், அதாவது நான் தப்பாகக்கூடப் படிக்கவில்லை, என் கண்ணுக்கு எழுதியிருந்ததைத்தான் படித்தேன். பக்கங்களை முன்னும் பின்னுமாகத் திருப்புவார்கள், யோசிக்க நேரம் தர மாட்டார்கள், மனப்பாடம் எங்கே நிற்கும்? நின்றாலும்தான் என்ன, ராத்திரியில் பச்சை சிக்னல் வெடித்தால் கிளம்பு, சிவப்பு என்றால் நில் என்று இருக்கும் இடத்தில் யாருடைய உயிரை வைத்து விளையாடுவது? வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா, மாமாவும் துணிக்கடையில் எப்போதும் நிறம் கேட்டுத்தான் எடுப்பான் என்றார். அம்மா வழியாக வருகிற குறை இது, சொட்டு மருந்து, கேரட் எதுவும் வேலைக்கு ஆகாது. ரிவ்யூவுக்கு நான் போகவில்லை.

பழைய ஹவில்தார்:
மஞ்சள்பச்சை தம்பி சொல்வது சரி, மனப்பாடம் பண்ணச் சொன்னது நான் இல்லை, அது ரோந்துக்காரர். தமிழ்ச்செல்வி அம்மா, வயது இருந்தால் மறுபடி எழுதுங்கள். ஓட்டக்காரன், சீட்டில் எந்தத் தேதிக்குள் வரச் சொல்லியிருக்கிறது என்று பார்த்தாயா? அந்தத் தேதி தாண்டினால் உள்ளேயே விட மாட்டார்கள்.

ஓட்டக்காரன்:
பார்த்தேன் ஐயா, இந்த வெள்ளிக்கிழமைக்குள். எலும்பு டாக்டர் அளந்து 5.5 என்கிறார். இதை அவரிடமே எழுதி வாங்கிக்கொண்டு போகலாமா, இல்லை அங்கே வெளியாள் சீட்டை மதிக்க மாட்டார்களா?