ஹிஸ்டரியை அழிக்கணுமா, வடிகட்டணுமா? பாட்டு ஆப் பரிந்துரை பற்றி ஒரு வாக்குவாதம்

சுங்கான்கடை_சுருதி:
குமரி மாவட்டத்துல பாட்டு ஆப் வச்சிருக்க பாதி வீட்டுல நிலைமை இதுதான். ஒரே கணக்கு. காலையில பக்திப் பாட்டு, மதியம் பிள்ளைகளுக்கு ரைம்ஸ், சாயங்காலம் மலையாளம், ராத்திரி இளையராஜா. டிசம்பர் வந்தா கிறிஸ்மஸ் கேரல் பயிற்சிக்கு ஒரே பாட்டு நாப்பது தடவ. பிறவு திங்கக்கிழமை டிஸ்கவர் வீக்லியை, அதான் ஸ்பாட்டிஃபை வாராவாரம் தர்ற பரிந்துரைப் பட்டியலைத் திறந்து, முப்பது பாட்டுல ஒண்ணும் தேறலையேன்னு புலம்புறது.

என் கட்சி: இப்படிக் குழம்பின கணக்கை ஒட்டுப்போட்டுச் சரியாக்க முடியாது. யூடியூப் மியூசிக்னா ஹிஸ்டரியை மொத்தமா அழிங்க. ஸ்பாட்டிஃபைன்னா புதுக் கணக்கு தொடங்குங்க. முதல் பத்து நாள் பிடிச்சதை மட்டும் கேட்டாப் போதும். மறுக்கிறவங்க காரணத்தோட மறுங்க.

வேளிமலை72:
ஓய், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற வேலை இது. புதுக் கணக்குக்கு உம்மைப் பற்றி ஒண்ணுமே தெரியாது. தொடக்கத்துல நீர் தொட்டுக் காட்டின மொழி, நாலஞ்சு கலைஞர்கள், ஊரே கேக்கிற புதுப்பட ஹிட்டு, இதை வச்சுத்தான் ஓட்டும்.

டிஸ்கவர் வீக்லி 2015-ல வந்தது. அதுக்கு உள்ள இருக்கிற கணக்கு ரொம்ப எளிசு. நீர் கேக்கிற பத்துப் பாட்டு வேற பலரோட பிளேலிஸ்ட்லயும் சேர்ந்தே கிடந்தா, அந்தப் பிளேலிஸ்ட்ல நீர் இன்னும் கேக்காத பதினொண்ணாவது பாட்டை எடுத்து உமக்கு நீட்டும். அந்தப் பத்தையும் அழிச்சிட்டா எதைப் பிடிச்சு நீட்டும்?

ஸ்பாட்டிஃபையில ரைம்ஸுக்கு ஒரு பிளேலிஸ்ட், கேரலுக்கு ஒரு பிளேலிஸ்ட் போடும். பிளேலிஸ்ட் பக்கத்துல மூணு புள்ளியைத் தொட்டா ‘எக்ஸ்க்ளூட் ஃப்ரம் யுவர் டேஸ்ட் ப்ரொஃபைல்’னு வரும், 2023-ல குடுத்த வசதி. அதைத் தட்டிவிட்டாச்சுன்னா அதுக்குள்ள ஓடுற பாட்டு உம்ம ரசனைக் கணக்குல பெருசா ஏறாது. ஒண்ணு முக்கியம்: பாட்டை அந்தப் பிளேலிஸ்டுக்குள்ள இருந்தே போடணும். அதே பாட்டைத் தேடல்ல அடிச்சுப் போட்டா விலக்கு செல்லாது. பிள்ளைகள் தேடித்தான் போடும்னா, கேக்கிறதை ரசனைக் கணக்குல சேக்காத பிரைவேட் செஷனை ஆன் பண்ணிட்டு ஃபோனைக் குடும். ஆனா அது நெடுநேரம் சும்மா கிடந்தா தானே அணைஞ்சிரும், மறுநாள் காலையில பழையபடி பதிவாகும். ‘எல்லாம் செஞ்சேன், ஒண்ணும் மாறல’ன்னு சொல்லுறவங்களுக்கு வழுக்குற இடம் பெரும்பாலும் இதுதான்.

சுங்கான்கடை_சுருதி:
நீங்களே சொல்லிட்டீங்க, ‘பெருசா ஏறாது’ன்னு. தாக்கம் குறையும், போகாது. சரி, ஸ்பாட்டிஃபையை விடுங்க. யூடியூப் மியூசிக்ல பிளேலிஸ்டை விலக்குற பொத்தானே கிடையாதே, அங்க என்ன வடிகட்டுவீங்க?

மார்த்தாண்டம்_மிக்ஸ்:
அங்க பாட்டு பாட்டா நீக்கலாம். ப்ரொஃபைல் படத்தைத் தொட்டு ஹிஸ்டரிக்குப் போனா நாள்வாரியா இருக்கும். வேண்டாத பாட்டுக்குப் பக்கத்து மூணு புள்ளியில ‘ரிமூவ் ஃப்ரம் ஹிஸ்டரி’. ஒரு வாரத்துக் குப்பையைத் தள்ள அஞ்சு நிமிஷம். மொத்தமா அழிக்கிறவன் நல்ல நெல்லையும் பதரோட சேத்துத் தூத்துறான்.

ஆனா முதல்ல ஒழுக்கை அடைக்கணும். யூடியூபும் யூடியூப் மியூசிக்கும் ஒரே கணக்குல ஓடினா ஹிஸ்டரியும் ஒண்ணுதான். ஹால் டிவியில யூடியூப்ல ஓடுற பாட்டு வீடியோவும் இங்க வந்து விழும். டிவியில வேற கணக்கு போடுங்க, இல்லேன்னா ‘பாஸ் வாட்ச் ஹிஸ்டரி’ வைங்க. செட்டிங்ஸ்ல ‘யூடியூபில் லைக் செய்த இசையைக் காட்டு’ங்கிற மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் அணைங்க. எவனோ அனுப்பின கல்யாண வீடியோவுக்குப் போட்ட லைக் பாட்டு லிஸ்ட்ல வந்து உக்காராது.

தனி சேனல் தொடங்கி அதுல கேக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க. பிரீமியம் வாங்கினது எந்தக் கணக்குலயோ அதுக்கு மட்டும்தான் செல்லும், புதுச் சேனல்ல விளம்பரம் ஓடும். அதுக்குக் குடும்பத் திட்டம் மேல். வாங்குறவரோட இன்னும் 5 பேர், ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு ஹிஸ்டரி.

குளச்சல்_அலை:
மக்கா, இவ்வளவு பாடும் எதுக்கு? லைக், டிஸ்லைக் ரெண்டையும் ஒழுங்கா அமுக்கினா அதுவே படிச்சுக்கிடும்லா.

மார்த்தாண்டம்_மிக்ஸ்:
டிஸ்லைக்கை எல்லாரும் தப்பாத்தான் அமுக்குறாங்க. நல்ல பாட்டு, கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சு, அதனால டிஸ்லைக். ஆப்புக்கு உங்க சலிப்பு தெரியாது. ‘இந்த மாதிரிப் பாட்டு வேண்டாம்’னுதான் எடுத்துக்கிடும். சலிச்சா ஸ்கிப் பண்ணுங்க. டிஸ்லைக்கைச் சகிக்காத பாட்டுக்கு வைங்க.

பத்மநாபபுரம்_பண்:
இருவருமே கேட்பவரின் பக்கத்தையே பார்க்கிறீர்கள். கோளாறில் பாதி பாட்டின் மேல் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டில் இருக்கிறது.

தமிழ்த் திரைப்பாட்டில் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடத்தில் இசையமைப்பாளர், பாடகர், சில ஆல்பங்களில் பாடலாசிரியர் வரை எல்லோரையும் வரிசையாகப் போடுகிறார்கள். எனவே இளையராஜா பெயரில் ரேடியோவை, அதாவது ஆப் தானே கோத்துத் தரும் பாட்டு வரிசையைத் தொடங்கினால் 1976-இலிருந்து இன்றுவரை உள்ள அத்தனையும் ஒரே சாக்கிலிருந்து வரும். யேசுதாஸ் பெயரில் தொடங்கினால் திரைப்பாட்டு, கர்நாடக சங்கீதம், ஐயப்பன் பாட்டு மூன்றும் கலந்து வரும். ஆள் பெயரில் தொடங்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட பாட்டில் மூன்று புள்ளியைத் தொட்டு அந்தப் பாட்டிலிருந்து ரேடியோவைத் தொடங்குங்கள். யூடியூப் மியூசிக்கில் வரிசைக்கு மேலே ‘ஃபெமிலியர்’, ‘டிஸ்கவர்’, ‘டீப் கட்ஸ்’ என்று தெரிந்தால் கடைசி இரண்டில் ஒன்றைத் தொடுங்கள். கேட்ட பாட்டே திரும்புவது குறையும்.

அடுத்தது நகல்கள். 1980-களின் பாட்டு ஒன்று மூல ஆல்பத்தில் இருக்கும். ‘காதல் பாடல்கள்’, ‘மழைப் பாடல்கள்’ என்று பின்னாளில் வந்த தொகுப்புகளிலும் இருக்கும். தொகுப்பில் அது வெளிவந்த ஆண்டே பாட்டின் ஆண்டாகப் பதிந்திருந்தால், பழைய பாட்டைப் புதுப்பாட்டு என்று ஆப் நம்பிவிடும். உங்கள் லைக்கும் மூன்று நகல்களுக்குச் சிதறும். படத்தின் பெயரிலேயே உள்ள ஆல்பத்தைத் தேடி, அந்த நகலையே சேமியுங்கள்.

எல்லாவற்றிலும் மோசம் ஜூக்பாக்ஸ். ஒரு மணி நேரக் கோப்பில் பன்னிரண்டு பாட்டு. நீங்கள் ஏழாவது பாட்டுக்காக லைக் போட்டாலும் அது கோப்பு முழுவதற்கும்தான் விழும். எந்தப் பாட்டு பிடித்தது, எதைத் தாண்டினீர்கள் என்ற தடயம் எதுவும் மிஞ்சாது.

குளச்சல்_அலை:
அப்போ வில்லுப்பாட்டு? கோயில் கொடை வில்லுப்பாட்டெல்லாம் ரெண்டு மணி, மூணு மணி நேரக் கோப்புதான். ஒண்ணைக் கேட்டா அடுத்து இன்னொரு வில்லுப்பாட்டைக் காட்டணும்லா? காட்டுறது சினிமாக் கும்மிப் பாட்டு. இதைத்தான் சொல்லுகேன், மிஷினை நம்பாதிய. நாமளே லிஸ்ட் போட்டு, நாமளே கேப்போம்.

பத்மநாபபுரம்_பண்:
அது நியாயமான குறைதான். உள்ளூர் ஒலிப்பதிவுக்காரர் ஏற்றும் கோப்பில் தலைப்பில் ஊர்ப்பெயரும் கோயில் பெயரும் இருக்கும், புலவர் பெயர் இருக்காது. கேட்பவர்களும் கொஞ்சம்; அவர்கள் பிளேலிஸ்ட் போடுவதும் இல்லை. ஒப்பிட ஆள் இல்லாத இடத்தில் இந்தக் கணக்கு முடங்கிவிடும். ஒழுகினசேரியில் பிறந்து வில்லுப்பாட்டிலிருந்து மேலே வந்த கலைவாணரின் ஊருக்கே இந்தக் கதி. வில்லுப்பாட்டுக்கு அந்தச் சேனல்களைச் சப்ஸ்கிரைப் செய்து நேரே போய்க் கேட்பதே வழி. ஆனால் அதையே திரைப்பாட்டுக்கும் சட்டமாக்க வேண்டாம். அங்கே ஒப்பிட ஆள் ஏராளம்.

சுங்கான்கடை_சுருதி:
மலையாளத்துக்கு யாரும் பதில் சொல்லல. மொழியில தமிழ் மட்டும் வச்சாலும் மலையாளம் வந்து ஏறுது. அழிக்காம அதை எப்படி நிறுத்துவீங்க?

வேளிமலை72:
என்னத்துக்கு நிறுத்தணும்? 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கந்தானே. மலையாளத்துல பாடிப் பேர் வாங்கின கமுகற புருஷோத்தமன் பிறந்ததே திருவட்டாறு. தொடக்கத்துல சொன்ன மொழி ஒரு குறிப்பு மட்டும், பிறவு காது போற வழியிலதான் ஆப்பும் போகும். சித்ரா தமிழ்ல பாடினதுக்கு நீர் லைக் போட்டா, பாடகி பேர் வழியா மலையாளமும் சேர்ந்து வரும்.

பிரிக்கணும்னா பிளேலிஸ்டைப் பிரியும். 15-லேருந்து 20 பாட்டு, ஒரே குணம். ‘80-கள் தமிழ், மெதுவான ஜோடிப்பாட்டு’ன்னு அவ்வளவு இறுக்கமா. மலையாளம் ஒண்ணுகூட வேண்டாம். ஸ்பாட்டிஃபையில பட்டியலுக்கு அடியில பரிந்துரைப் பாட்டுகள் வரும். ஒவ்வொண்ணையும் கேட்டுப் பாத்து, பிடிச்சதைச் சேரும், பிறவு ரிஃப்ரெஷ் அமுக்கும். சேக்கச் சேக்க அடுத்து வர்றது கூர்மையாகும். நூறு பாட்டைக் கலந்து கொட்டின பட்டியலுக்கு அடியில நூறு விதமாத்தான் வரும். டிஸ்கவர் வீக்லியில பிடிச்சதையும் அன்னைக்கே சேமியும், அடுத்த திங்கக்கிழமை பழசு போயிரும்.

சுங்கான்கடை_சுருதி:
இறுக்கமான பட்டியல், சரி, ஒத்துக்கிடுறேன். ஆனா அஞ்சு வருஷமா நாலு பேர் சேர்ந்து கேட்ட கணக்குன்னா அழிக்கிறதுதான் லாபம்னு இன்னமும் சொல்லுவேன். அதுல உங்க ரசனை எது, மச்சினனோட ரசனை எதுன்னு நீங்களே பிரிக்க முடியாது.

வேளிமலை72:
அப்படின்னா பழசை ஏன் அழிக்கணும்? பழைய கணக்கை ஹால் ஸ்பீக்கருக்கு விட்டுரும். குடும்பத் திட்டத்துல உமக்குன்னு ஒரு கணக்கு எடுத்து, பழசுல போட்ட இறுக்கமான பட்டியலோட லிங்கைத் திறந்து, பாட்டெல்லாத்தையும் புதுப் பட்டியல்ல சேரும். புதுக் கணக்கு வெறுங்கையோட தொடங்காது.

மார்த்தாண்டம்_மிக்ஸ்:
அது கொள்ளாம். ஸ்பீக்கர் எந்தக் கணக்குல இணைஞ்சிருக்குன்னு மட்டும் ஒருக்கா பாத்துக்கிடுங்க. ஃபோன்ல கணக்கை மாத்தினதால ஸ்பீக்கர் மாறாது, அதோட ஆப்ல போய்த் தனியா மாத்தணும்.

குளச்சல்_அலை:
கேரல் லிஸ்டை எப்போ போடணும்?

மார்த்தாண்டம்_மிக்ஸ்:
நவம்பர் கடைசியில, முதல் பயிற்சிக்கு முன்னாடி. விலக்கிட்டுப் பாட்டைச் சேருங்க.