புதுப்பிப்பு: வீடியோ கேமரா வாங்கிவிட்டேன்

மகளின் பரதநாட்டியச் சலங்கை பூஜையைப் பதிவு செய்யக் குறைந்த விலையில் எந்த வீடியோ கேமரா வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ஒருவர் பயன்படுத்திய கேனான் லெக்ரியா ஆர்806 கிடைத்தது. 32 மடங்கு ஆப்டிகல் ஜூம் (லென்ஸே காட்சியை நெருக்கிக் காட்டுவது)! கடைசி வரிசையிலிருந்தே அவள் உள்ளங்கையில் இட்ட சிவப்பு வட்டம் வரை தெளிவாக விழுந்திருக்கிறது. கைபேசியில் எடுத்திருந்தால் வெறும் திட்டாகத்தான் தெரிந்திருக்கும்.

வெளி மைக் செருகும் வசதி அவசியம் என்று வற்புறுத்தியவருக்கு மனமார்ந்த நன்றி. நட்டுவாங்கத் தாளம் (ஆட்டத்துக்குக் குரு கைத்தாளத்தில் தட்டுவது) கணீரென்று கேட்கிறது.

ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார் சிறியது; மேடை விளக்கைத் தணித்த இடங்களில் படம் புள்ளி புள்ளியாகிவிட்டது. முழு ஜூமில் கை நடுக்கம் பூதாகரமாகத் தெரியும், அதனால் முக்காலிக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். எடுத்த வீடியோவைப் பாட்டி மூன்று முறை பார்த்துவிட்டார்.