சால்ஸ்பர்க்கில் நாலு மணி நேரம் இருந்தால் ஆஸ்திரியா பார்த்த கணக்கா?

கல்லடுப்பு: பக்கத்துக் குழுவில் ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படித்த இரண்டு வருடத்தில் 14 நாடு சுற்றிவிட்டேன். அறையிலேயே அடைந்து கிடந்தவர்களுக்கு இதெல்லாம் புரியாது." அடைந்து கிடந்தவன் என்ற முறையில் அந்தப் பட்டியலைப் பொறுமையாகப் படித்தேன். ஆஸ்திரியா என்று இருக்கிறது. படத்தில் சால்ஸ்பர்க் ஸ்டேஷன், கையில் காபி. மியூனிக்கில் ஏறினால் டாய்ச்லாண்ட் டிக்கெட்டிலேயே (ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாத டிக்கெட்), சாதா ரயிலில், இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே இறங்கலாம். தனியாகக் காசு கூடக் கிடையாது. இது ஒரு நாடா?

பதினாலு: அந்தத் தம்பி நான்தான். நாலு மணி நேரம் இருந்தேன். காபி கடைசியில் குடித்தது. அதற்கு முன்னால் கோட்டை வரை நடந்தே ஏறினேன்.

கல்லடுப்பு: நாலு மணி நேரம். அவரே சொல்லிவிட்டார், குறித்துக்கொள்ளுங்கள்.

ரயில்கிறுக்கு: எல்லை தாண்டினால் நாடுதான். இதில் என்ன சந்தேகம்?

கல்லடுப்பு: அப்படியா? பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறதா?

ரயில்கிறுக்கு: ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளுக்குள், ரயிலில் போனால் யார் முத்திரை குத்துகிறார்கள்? ஜெர்மனி குடியிருப்பு அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் இருக்கலாம், அவ்வளவுதான். முத்திரைதான் கணக்கு என்றால் லிச்சென்ஸ்டைன் போங்கள். வாடூஸில் காசு கொடுத்தால் ஞாபகார்த்தமாகக் குத்திக் கொடுப்பார்கள்.

பதினாலு: அதுவும் என் பட்டியலில் இருக்கிறது.

கல்லடுப்பு: இருக்கும், இருக்கும். காசு கொடுத்து வாங்கிய நாடு. சரி, நான் கேட்டது சால்ஸ்பர்க். நாலு மணி நேரம்.

மாவுமில்: முதலில் அது சால்ஸ்பர்க் இல்லை, ஸால்ட்ஸ்புர்க். ஜெர்மனியில் படித்தோம் என்கிறீர்கள், இது கூடவா தெரியாது?

கல்லடுப்பு: ஜெர்மன் மொழியில் பி-ஒன் சான்றிதழ் வாங்கியதில் இருந்து உங்கள் தொல்லை தாங்கவில்லை. போன வருடம் "மியூனிக் இல்லை, முன்ஷன்" என்று மூன்று நாள் சண்டை போட்டவர்தானே நீங்கள்?

மாவுமில்: அதுவும் முன்ஷன் இல்லை, ம்யூன்ஷென்.

பதினாலு: கல்லடுப்பு அண்ணே, உங்களுக்கு என் மேல் என்னதான் கோபம்? பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் கணக்கு) இருந்து மாதம் 992 யூரோதான் வந்தது. அதில் வாடகை, இன்சூரன்ஸ் போக மிச்சம் பிடித்து, ராத்திரி பஸ்ஸில் தூங்கி, பையில் ரொட்டியைச் சுருட்டிக்கொண்டு போனேன். லக்சம்பர்க்கில் 2020-இல் இருந்து பஸ், டிராம், ரயில் எல்லாம் இலவசம் என்பதால்தான் அங்கே இரண்டு நாள் தங்கினேன்.

கல்லடுப்பு: அங்கே இரண்டு நாள். சால்ஸ்பர்க்கில்?

பதினாலு: நாலு மணி நேரம்!

கல்லடுப்பு: நன்றி. நான் படித்த காலத்தில் வருடத்துக்கு 120 முழு நாள்தான் வேலை செய்யலாம். அந்த 120 நாளும் கிடங்கில் பெட்டி அடுக்கினேன். இரண்டு கையுறை மாட்டியும் விரல் மரத்துப்போகும். இப்போது உங்களுக்கு 140 நாள் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் கோட்டை ஏறுகிறீர்கள்.

பதினாலு: நீங்கள் பெட்டி அடுக்கினீர்கள் என்பதற்காக நான் ரயில் ஏறக்கூடாதா?

ஏழாம்செமஸ்டர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்தப் பக்கம் போகிறவர்கள் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் மறக்காதீர்கள். திரும்பி வரும்போது ஜெர்மனி எல்லை ஸ்டேஷனான ஃப்ரைலாசிங்கில் வண்டியை நிறுத்திச் சோதிப்பார்கள். என்னிடம் மாணவர் அட்டை மட்டும்தான் இருந்தது. குடியிருப்பு அட்டையின் படத்தை போனில் தேடித் தேடி, சார்ஜ் ஒரு சதவீதத்துக்கு வந்துவிட்டது. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

மாவுமில்: நாலு செமஸ்டர் படிப்பில் ஏழாவது செமஸ்டர் எங்கிருந்து வந்தது?

ஏழாம்செமஸ்டர்: உங்களுக்கு அது எதற்கு?

ரயில்கிறுக்கு: ஆரம்பித்துவிட்டார்கள். 2022 கோடையில் மாதம் 9 யூரோ டிக்கெட் வந்தபோது மூன்று மாதமும் நான் சனி, ஞாயிறில் அறையில் இருந்ததே இல்லை. அப்போது ஒருமுறை சால்ஸ்பர்க்கில் இறங்கி இசைமேதை மோட்சார்ட் பிறந்த வீட்டு வாசலில் நின்றேன். கெட்ரைடெகாஸெ 9-ஆம் எண், மஞ்சள் கட்டடம். 20 நிமிடம் நின்றிருப்பேன். ஆஸ்திரியா பார்த்த நிறைவு எனக்கு வந்தது. நிறைவுக்குக் கடிகாரம் வைக்க முடியாது.

கல்லடுப்பு: நல்ல உதாரணம் கொடுத்தீர்கள். மோட்சார்ட் பிறந்தது 1756. அப்போது சால்ஸ்பர்க் ஒரு பேராயரின் தனி ஆட்சிப் பகுதி. ஆஸ்திரியாவோடு நிலையாகச் சேர்ந்தது 1816-இல். ஆக, அந்த வாசலில் நின்று நீங்கள் நிறைவடைந்தது ஆஸ்திரியாவுக்காகவே இல்லை.

பதினாலு: அப்படியென்றால் அது தனி நாடு. என் கணக்கு 15.

கல்லடுப்பு: சிரிப்பு வரவில்லை.

மாவுமில்: எனக்கு வந்தது.

கல்லடுப்பு: உங்களுக்கு வரும். ஹாஸ்டலில் என் குக்கரை வாங்கிக்கொண்டு போய் அடி கருகித் திருப்பிக் கொடுத்தபோதும் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தீர்கள்.

மாவுமில்: குக்கர் ஏற்கெனவே கருகித்தான் இருந்தது. படம் இருக்கிறது.

ஏழாம்செமஸ்டர்: டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023-இல் 49 யூரோவில் ஆரம்பித்தது, 2025-இல் 58 ஆனது. அதைப் பற்றிப் பேச ஆளில்லை. குக்கருக்குப் படம் கேட்கிறார்கள்.

கல்லடுப்பு: படத்தைப் போடுங்கள், பார்க்கலாம். தம்பி, நீங்கள் எங்கேயும் போய்விடாதீர்கள். அந்த நாலு மணி நேரத்தில் வரிசையில் நின்றது எவ்வளவு நேரம்?