சேற்றை எரித்துச் சமைக்கும் கூட்டம், எந்தப் பாகம்? (அவசரம்)

அலைவாய்: அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒரு ஜெர்மானியக் கூட்டம் சேற்றைக் காயவைத்து எரித்துச் சமைக்கும் என்று வருமே, அது எங்கே? நில விவரப் பகுதி முழுக்கத் தேடிவிட்டேன், வெறும் பெயர்தான் இருக்கிறது. நாளைக் காலை கட்டுரை கொடுக்க வேண்டும்.

கூழாங்கல்: எந்தக் கலைக்களஞ்சியம்? எந்தக் கூட்டம்?

ஓலைப்பெட்டி: கோத்தியராகத்தான் இருக்கும். அப்படியென்றால் செவில்லே ஆயர் இசிதோரின் நூல். ஸ்பெயினில் கோத்திய அரசர்கள் ஆண்டபோது எழுதியது, மொத்தம் 20 பாகம். 9ஆம் பாகத்தைப் பாருங்கள், இனங்களைப் பற்றியது.

அலைவாய்: கோத்தியர் இல்லை, வடகடல் ஓரம். ரோம எழுத்தாளர் பிளினியின் ‘இயற்கை வரலாறு’. சொல்லவில்லையா?

மூத்தவாசகன்: சொல்லவில்லை. 37 பாகம் உள்ள நூலைப் பெயர் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். நீங்கள் தேடுவது காவுக்கியரை. எம்ஸ் ஆற்றுக்கும் எல்பேக்கும் இடைப்பட்ட கரை. 4ஆம் பாகத்தில் பெயர் மட்டும்தான் வரும். விவரம் 16ஆம் பாகத் தொடக்கத்தில், மரங்களைச் சொல்லும் இடத்தில். மரமே இல்லாத ஊரில் பிழைப்பு எப்படி என்று காட்டத்தான் அவர்களை அங்கே கொண்டுவருகிறார். ரோமப் படையில் இருந்தபோது நேரில் பார்த்தது.

கூழாங்கல்: நேரில் பார்த்தவர் மாடே இல்லை, பாலே இல்லை என்கிறாரே! அதே கரையில் ஃபெடர்சன் வீர்டெ என்ற பழைய ஊர் மேட்டை 1955 முதல் 1963 வரை தோண்டினார்கள். வீட்டுக்கு வீடு மாட்டுத் தொழுவம்.

மூத்தவாசகன்: அவர் பார்த்தது அந்த மேடுதான் என்று யார் சொன்னது? தினம் இரண்டு முறை கடல் ஏறும் இடத்தைச் சொல்கிறார்.

ஓலைப்பெட்டி: இதே மக்களை ஜெர்மானியரிலேயே மேன்மையானவர்கள் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். பிளினிக்கு எரிச்சல். குழியில் தேக்கிய மழைத்தண்ணீரைக் குடிக்கிறவர்கள், ரோமிடம் தோற்றால் அடிமை ஆகிவிடுவோம் என்கிறார்களே என்று. சண்டைக்குப் போனவர் பிறகு எப்படி எழுதுவார்?

மூத்தவாசகன்: சண்டைக்குப் போனால் கண் தெரியாதா?

கூழாங்கல்: தெரியும் சார். மாடு மட்டும் தெரியவில்லை.

அலைவாய்: 16இல் கிடைத்தது. சேறு வெயிலைவிடக் காற்றில்தான் அதிகம் காயுமாம். நன்றி, தூங்கப் போகிறேன்.

ஓலைப்பெட்டி: நேரம் இருந்தால் இசிதோரையும் ஒருமுறை பாருங்கள்.